ரெண்டு அடி அடிச்சு விட்டுடுங்க, டீச்சர்

ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்தபடி நீங்க என்ன வேணா பண்ணுங்க டீச்சர், பையன் படிச்சாப் போதும்." சொல்கிறவர் கொடுமைக்காரர் இல்லை. அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறவராக இருப்பார், அல்லது செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவராக இருப்பார். பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டேதான் சொல்வார். தனக்குக் கிடைக்காத படிப்பு பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்று, தன்னிடம் இருக்கும் உரிமையில் ஒரு பங்கை ஆசிரியர் கையில் கொடுக்கிறார். அந்த நம்பிக்கை பெரியது. ஆனால் அவர் கொடுக்கும் அந்த அனுமதி எனக்கு வேண்டாம்.

சேலம் நகரத்துக்குள் ஒரு நடுநிலைப் பள்ளியிலும், பிறகு சேர்வராயன் மலையில் ஒரு பள்ளியிலும் வேலை பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இரண்டிலும் ஆறு முதல் எட்டு வரைதான் என் வகுப்புகள். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் எல்லோரும் கொஞ்ச நாளில் ஒரே கேள்வியோடு வந்து நிற்பார்கள்: "அடிக்கக் கூடாதுங்கறாங்க, சரி. அப்புறம் எப்படித்தான் கட்டுப்படுத்துறது?" நியாயமான கேள்வி. அதற்கு நான் அறிந்த பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. தமிழ்நாடு 2003-லேயே கல்வி விதிகளின் 51-ஆம் விதியைத் திருத்தி, மாணவரைத் திருத்துவதாகச் சொல்லி உடலையோ மனதையோ நோகடிப்பதைத் தடை செய்துவிட்டது. 2009-இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 17-ஆவது பிரிவு அதையே நாடு முழுமைக்கும் சொல்கிறது. மீறினால் துறை நடவடிக்கை என்றும் சொல்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் இன்னும் ஒரு படி மேலே போய், முட்டி போட வைப்பது, பெஞ்ச் மேல் ஏற்றுவது, சாதியையோ பெற்றோரின் தொழிலையோ சொல்லிக் கேலி பேசுவது எல்லாமே தண்டனைதான் என்கின்றன. அவற்றைப் பள்ளிகளில் நடைமுறைக்குக் கொண்டுவரச் சொல்லி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. மாற்று வழிகளும் அந்த வழிகாட்டுதல்களில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் பெரும்பாலான பள்ளிகளுக்கு அது சுற்றறிக்கையாக வந்தது, எல்லோரும் கையெழுத்துப் போட்டோம், கோப்புக்குள் போய்விட்டது. பிரம்பு இருந்த இடத்தில் எதை வைப்பது என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. ஆகவே சில இடங்களில் பிரம்பு பீரோவுக்குள் போய், அதன் இடத்துக்கு மர ஸ்கேல் வந்தது.

மத்தியப் பெண்கள் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பேர் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். ஆந்திரத்தில் 'யங் லைவ்ஸ்' என்ற நீண்டகால ஆய்வில் கேட்டபோது, எட்டு வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், கடந்த ஒரு வாரத்தில் ஆசிரியர் யாரையாவது அடித்ததைப் பார்த்திருந்தார்கள். அடி வாங்காத பிள்ளையும் அடியைப் பார்த்துக்கொண்டேதான் படிக்கிறது. வகுப்பில் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பத்திரம் என்று அது கற்றுக்கொள்கிறது. அந்த மௌனத்தை நாம் ஒழுக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

அடிப்பதற்கு எதிராகப் பேசும்போது பெரும்பாலும் பிள்ளையின் வலியைப் பற்றித்தான் பேசுவார்கள். அது உண்மைதான், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதிரே இருப்பவர் உடனே, "செல்லம் குடுத்தா கெட்டுப் போயிடும் டீச்சர், அடியாத மாடு படியாது" என்பார். அவரிடம் நான் சொல்ல விரும்புவது வேறு. அடி என்பது பிள்ளையிடம் மிகக் குறைவாக எதிர்பார்ப்பது. கையை நீட்டினால் போதும், கடன் அடைந்துவிட்டது. யாருக்கு என்ன ஆயிற்று என்று அவன் நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை, எதையும் சரி செய்ய வேண்டியதில்லை. நாலு நொடியில் விஷயம் முடிந்து எல்லோரும் பாடத்துக்குப் போய்விடலாம். மாற்று வழி என்று நான் சொல்வது அவனிடம் இதைவிட அதிகமாகக் கேட்கும்.

இதை எனக்குப் புரிய வைத்தது ஏழாம் வகுப்பில் நடந்த ஒரு கொலுசு விவகாரம்.

சேலம் பள்ளியில், மதிய இடைவேளை. ஓடிப் பிடித்து விளையாடும்போது ஒரு பையன் வேண்டுமென்றே காலை நீட்டி ஒரு பெண்ணை விழவைத்துவிட்டான். வெள்ளிக் கொலுசு அறுந்துவிட்டது. கொலுசு செய்கிற ஊர்தான் எங்களுடையது, ஆனால் அதனால் யார் வீட்டிலும் வெள்ளி மலிவாகிவிடவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா சீட்டுப் பணத்தில் வாங்கிப் போட்டது அது. முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது, அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "எங்கம்மா கொன்னுடும் டீச்சர், கொன்னுடும் டீச்சர்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பையனைக் கூப்பிட்டேன். வந்து நின்றவன், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே வலது கையை நீட்டினான். உள்ளங்கையை விரித்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு. எத்தனை வருடப் பழக்கமோ.

"கையைக் கீழ போடு. இப்படி உட்காரு. என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

முதலில் "சும்மா விளையாட்டுக்கு" என்றான். அப்புறம், காலையில் அவள் எல்லோர் முன்னாலும் தன் வாசிப்பைக் கேலி செய்து சிரித்ததைச் சொன்னான். அவளிடம் கேட்டேன், ஆமாம் என்றாள். சரி, அது தனியாகப் பேச வேண்டிய விஷயம் என்று வைத்துக்கொண்டோம். "இப்ப அவளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். முழங்காலைக் காட்டினான். "அது மட்டுமா?" கொலுசைப் பார்த்தான். "சாயந்திரம் அவ வீட்டுக்குப் போனா என்ன நடக்கும்?" இதற்கு அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது, அவன் வீட்டிலும் அதுதான் நடக்கும். "அப்போ அவங்க அம்மாகிட்ட யாரு சொல்லணும்?"

கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "ரெண்டு அடி அடிச்சு விட்டுடுங்க டீச்சர். அவங்க அம்மாகிட்டயெல்லாம் என்னால பேச முடியாது."

அந்தப் பதிலில் எல்லாமே இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கே தெரிந்திருக்கிறது, இரண்டில் எது சுலபம் என்று.

அன்று சாயந்திரம் அந்தப் பெண்ணின் அம்மா வந்தபோது விஷயத்தை நான் சொன்னேன், இவளைத் திட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், இரண்டு நாள் அவகாசம் வாங்கினேன். பையனின் சித்தப்பா சிவதாபுரம் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவர். கொலுசை அங்கே கொண்டுபோய், அவர் பற்றவைத்து மெருகு போடும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து வாங்கி வந்தான். மறுபடி அந்த அம்மா வந்தபோது நான் அவன் பக்கத்தில் நின்றேன், பேசவில்லை. அவன்தான் பேசினான். "நான்தாங்க காலைத் தட்டி விட்டேன். பத்த வெச்சுக் கொண்டாந்திருக்கேங்க." அவர் கொஞ்சம் திட்டினார், திட்டத்தான் செய்வார். பிறகு ஒட்டிய இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மகள் கையில் கொடுத்தார். அவனுடைய வாசிப்பைக் கேலி செய்ததற்கு அந்தப் பெண் என்ன செய்வது என்பதையும் அவர்களே பேசி முடிவு செய்தார்கள். வாசிப்பு நேரத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தடுமாறும் சொல்லுக்கு மட்டும் உதவுவது என்று.

அதன் பிறகு அவன் வம்பு செய்யவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேறு விஷயங்களில் செய்தான். ஆனால் அந்த இருவருக்கும் நடுவில் பகை மிஞ்சவில்லை. அடித்து அனுப்பியிருந்தால், "இவளாலதான் அடி வாங்கினேன்" என்பது மட்டும்தான் அவனுக்கு நினைவிருந்திருக்கும்.

இது நானாகக் கண்டுபிடித்த முறை இல்லை. உலகத்தில் பல இடங்களில் இதை ஒழுங்காகவே செய்கிறார்கள். நியூசிலாந்தில் 1989-இல் இயற்றிய ஒரு சட்டம், தவறு செய்த சிறுவரை நேராக நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், குடும்பத்தாரையும் பாதிக்கப்பட்டவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேச வழி செய்தது. மாவோரி மக்களின் மரபிலிருந்து எடுத்துக்கொண்டது அது. 1994-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அதைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். கேட்கும் கேள்விகள் எளிமையானவை. என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தாய், யாருக்கெல்லாம் பாதிப்பு, சரி செய்ய என்ன செய்யலாம். "ஏன்டா செஞ்ச?" என்ற கேள்வி அதில் இல்லாததைக் கவனியுங்கள். அந்தக் கேள்வியை நாம் பதில் வேண்டிக் கேட்பதே இல்லை, பிள்ளைகளுக்கும் அது தெரியும். அதனால்தான் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

"நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரிதானே" என்று ஒரு நண்பர் சொன்னார். உட்கார்ந்து பேசுவது வரைக்கும் சரி. ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர்கள் பேசுவார்கள், சின்னவன் கை கட்டி நிற்பான், கடைசியில் அபராதமும் காலில் விழுவதும் இருக்கும். இங்கே பிள்ளைதான் பேச வேண்டும். காலில் விழுவதற்கு இடமே இல்லை.

அடுத்து, தாமதமாக வருவது. பள்ளிகளில் அதிகம் அடி விழுவது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். பிரேயர் முடிந்து கேட்டுக்கு வெளியே வரிசையாக நிற்பார்கள், ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு உள்ளே வருவார்கள்.

மலைப் பள்ளிக்கு நான் போனபோது அங்கே இருந்த தலைமையாசிரியை அந்த வரிசையை எடுத்துவிட்டு, வாசலில் ஒரு நோட்டு வைத்திருந்தார். தாமதமாக வருகிற பிள்ளை பெயர், எந்த ஊர், எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பியது, வழியில் என்ன என்று நாலு விஷயம் எழுதிவிட்டு நேராக வகுப்புக்குப் போகலாம். எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைக்குப் பெரிய பிள்ளை எழுதிக் கொடுக்கும். யாரும் திட்ட மாட்டார்கள். "நோட்டு வெச்சா எல்லாரும் லேட்டா வர ஆரம்பிச்சிடுவாங்க" என்று ஆசிரியர்களே சொன்னார்கள். ஒரு மாதம் போகட்டும் என்றார் அவர்.

ஒரு மாதம் கழித்து அந்த நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தோம். பாதிக்கு மேல் ஒரே கிராமத்துப் பிள்ளைகள். காலைப் பேருந்தின் நேரம் மாறியிருக்கிறது, பள்ளிக்கு யாரும் சொல்லவில்லை. இன்னும் சிலர் காப்பித் தோட்டத்து வழியாக நடந்து வருகிறவர்கள். காட்டெருமை பாதையில் நின்றால் அது நகரும் வரைக்கும் நிற்கத்தான் வேண்டும். சேர்வராயன் மலையில் அதோடு அவசரப்படுகிறவர்கள் யாரும் இல்லை. நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கியதும் வேறொரு கூட்டம் சேர்ந்துகொண்டது. அம்மா விடிவதற்குள் எஸ்டேட்டுக்குப் போய்விடுவதால், தம்பி தங்கையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வரும் பெண்பிள்ளைகள். அங்கன்வாடி திறந்தால்தானே விட முடியும்? கடைசியில் வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு வருகிறவர்கள் என்று பார்த்தால் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். அவர்களைக் கூப்பிட்டுப் பேசியதில், முதல் பீரியட் கணக்கு என்பதும், வகுத்தல் கணக்குக்குப் போர்டுக்குக் கூப்பிட்டால் தெரியாது என்பதும் வெளியே வந்தது.

இத்தனை காலம் எல்லோருக்கும் ஒரே அடி. பேருந்து மாறியதற்கு, காட்டெருமை நின்றதற்கு, அம்மாவின் கூலி வேலைக்கு, வகுத்தல் தெரியாததற்கு.

பேருந்து நேரத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் மனு போட்டோம். மாறக் கொஞ்சம் காலம் பிடித்தது, அதுவரை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் பாடத்தை மதியம் திரும்ப நடத்தினோம். அங்கன்வாடிப் பணியாளரிடம் பேசினோம், பறிப்புக் காலத்தில் மட்டும் உதவியாளர் கொஞ்சம் முன்னதாக வந்து திறப்பதாகச் சொன்னார். அந்த இரண்டு பையன்களுக்கும் வகுத்தலை மூன்றாம் வகுப்புப் பாட அட்டைகளிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலைப் பள்ளி ஆசிரியர்களில் பலர் சேலத்திலிருந்து தினமும் பேருந்தில் வருகிறவர்கள். அஸ்தம்பட்டியில் வண்டி ஏறி, அடிவாரம் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவு. எதிரே ஒரு லாரி நின்றுவிட்டால் நாங்களும் தாமதம்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை, ரோடு போச்சு என்றால் புரிந்துகொண்டார்கள். அந்தப் புரிதல் பதினொரு வயதுப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.

வீட்டுப்பாடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தறி இருக்கிற வீட்டில் சாயந்திரம் பிள்ளைக்குத் தாரில் நூல் சுற்றும் வேலை இருக்கும், விசைத்தறிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அங்கே உட்கார்ந்து ஆங்கிலக் கேள்வி பதில் எழுதவில்லை என்று மறுநாள் முட்டி போட வைத்தால் அது எழுதப்பட்டுவிடுமா? பள்ளி விட்ட பிறகு அரை மணி நேரம் வராண்டாவில் உட்காரவைத்து முடித்து அனுப்பினோம். சில நாள் நான், சில நாள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுப்பாடம் பள்ளியிலேயே முடிந்தது, அவ்வளவுதான்.

அடிக்கு மாற்று என்ற பெயரில் வரும் சிலவற்றை நான் மாற்று என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். நூறு தடவை இம்போசிஷன் எழுதச் சொன்னால், எழுதுவதே தண்டனை என்றாகிவிடுகிறது. எழுத்தை வெறுக்க வைப்பதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. மைதானத்தை வெயிலில் பத்துச் சுற்று ஓடு என்பதும் உடல் தண்டனைதான். எல்லோர் முன்னாலும் பெற்றோரை வரவழைத்து அவமானப்படுத்தினால், அடி இடம் மாறுகிறது, நேரம் மாறுகிறது, வீட்டில் இரட்டிப்பாக விழுகிறது. "டி.சி. குடுத்துடுவேன்" என்று மிரட்டுவதும் அப்படித்தான். வகுப்பில் பேசியவர் பெயரை வகுப்புத் தலைவனைக் கொண்டு போர்டில் எழுத வைப்பதை நான் முதல் நாளே நிறுத்திவிடுவேன். ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளின் காவலராக ஆக்கினால், அந்த வகுப்பில் நட்பு என்று ஒன்று இருக்காது.

சுத்தம் செய்யச் சொல்வதில் இன்னும் கவனம் தேவை. தான் கொட்டிய மையைத் தானே துடைப்பது சரி செய்வது. தாமதமாக வந்ததற்குக் கழிவறையைக் கழுவச் சொல்வது இழிவு. அந்த வேலைக்கு யார் வீட்டுப் பிள்ளைகள் அனுப்பப்படுகிறார்கள் என்று பார்த்தால் உண்மை முகத்தில் அறையும். அடியும் அப்படித்தான். எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. கேட்க ஆள் வராத வீட்டுப் பிள்ளை மீது கை சுலபமாக ஓங்குகிறது. அப்பா பள்ளிக்கு வந்து நின்று கேள்வி கேட்பார் என்றால் அதே கை தயங்குகிறது. மலையில் பழங்குடிப் பிள்ளைகள், நகரத்தில் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், தாயும் தகப்பனும் வெளியூரில் இருக்க ஆயாவிடம் வளரும் பிள்ளைகள். இவர்களுக்குத்தான் அதிகம் விழுகிறது. இதைப் பார்த்த பிறகும், அடி என்பது பிள்ளையின் நன்மைக்காக என்று என்னால் நம்ப முடியாது.

வகுப்புச் சத்தம் வேறு மாதிரி. அதற்கு ஜூன் மாதத்திலேயே வேலையை ஆரம்பிக்க வேண்டும். வகுப்பின் விதிகளைப் பிள்ளைகளே சொல்லச் சொல்லி ஒரு சார்ட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். ஆசிரியருக்கும் அதில் விதி உண்டு. "பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது" என்பதையும், "ஒருத்தர் பண்ணினதுக்கு எல்லாரையும் திட்டக் கூடாது" என்பதையும் பிள்ளைகள் தவறாமல் சொல்வார்கள். விதி மீறப்பட்டால் சார்ட்டுக்கு முன்னால் போய் நின்று பேசுவோம். நான் மீறினாலும்தான். சத்தம் முழுக்க நின்றுவிடாது. வேலை நடக்கிற வகுப்பில் சத்தம் இருக்கும், இருக்கட்டும். பாடத்தை அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, சில வருடங்களில் தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது, ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். விடுமுறை எடுத்த பிள்ளை விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். அந்த முறையில் குறைகள் இருந்தன, ஆசிரியர்கள் அதைப் பற்றி நிறையப் புலம்பினோம். ஆனால் தரையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கையை ஓங்குவது கொஞ்சம் கடினம். அறையின் அமைப்பே பாதி வேலையைச் செய்துவிட்டது. இப்போது அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனக் குழு பிரித்திருக்கிறார்கள். அதையும் வெறும் போட்டிக்கு மட்டும் பயன்படுத்தாமல், புதுப் பிள்ளையைப் பெரிய பிள்ளை பார்த்துக்கொள்வதற்கும், சண்டை வந்தால் உட்கார்ந்து பேசுவதற்கும் பயன்படுத்தலாம்.

"அடிச்சா உடனே கேக்கறானே" என்பார்கள். கேட்கத்தான் செய்வான். காந்தி தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார், அவர்களில் தமிழ்ப் பிள்ளைகள் பலர். அடங்காத ஒரு பதினேழு வயதுப் பையனை ஒருநாள் ரூலரால் கையில் அடித்துவிட்டார். அடிக்கும்போது தன் உடம்பு நடுங்கியது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பையன் அதன் பிறகு அவர் சொல்லை மீறவில்லை. அதாவது அடி 'வேலை செய்தது'. அப்படியிருந்தும், தனக்குள் இருந்த மிருகத்தைத்தான் அன்று அவனுக்குக் காட்டிவிட்டேன் என்று பின்னாளில் எழுதும்போதும் வருந்தினார். உடனே கேட்கிறானா என்பது மட்டும் அளவுகோல் இல்லை என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

சரி, பேசிப் பார்த்தும் அடங்காத பிள்ளை? மற்றப் பிள்ளையைக் காயப்படுத்துகிறவன்? அப்படியும் இருக்கிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. முதலில் அடிபட்ட பிள்ளையைப் பாதுகாக்க வேண்டும், இருவரையும் பிரித்து உட்கார வைக்க வேண்டும், கோபம் இறங்கும் வரைக்கும் பேச்சைத் தொடங்கவே கூடாது. அப்புறம் விசாரித்தால், நான் பார்த்த வரைக்கும், பெரும்பாலும் அந்தப் பிள்ளை வீட்டில் அடி வாங்குகிறது, அல்லது வீட்டில் அம்மா அடி வாங்குவதைப் பார்க்கிறது. அதற்கு மேல் ஒரு வகுப்பாசிரியரால் முடியாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம், பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. உதவி கேட்பதைத் தோல்வி என்று ஆசிரியர்கள் நினைக்கக் கூடாது. அடி வாங்கி வருகிற பிள்ளைக்கு இன்னொரு அடி கொடுத்து எதைக் கற்றுத்தரப் போகிறோம்?

ஆசிரியர் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. கொலுசு விவகாரத்துக்கு எனக்கு மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடித்திருந்தால் ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. நேரம்தான் பெரிய பிரச்சினை. சட்டப்படி தொடக்க வகுப்பில் முப்பது பிள்ளைக்கு ஒருவர், ஆறு முதல் எட்டு வரை முப்பத்தைந்துக்கு ஒருவர் இருக்க வேண்டும். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளியில், ஒரு வகுப்பைப் பார்க்கும்போது மற்றது தனியாக இருக்கும். நடுவில் எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவேற்றம், நலத்திட்டக் கணக்கு, பயிற்சிக் கூட்டம். பி.எட். படிப்பில் உளவியல் பாடம் உண்டு, ஆனால் சண்டையிட்ட இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்காரவைத்து எப்படிப் பேசுவது என்று யாரும் செய்து காட்டுவதில்லை. களைத்துப் போன ஆசிரியரின் கைதான் முதலில் ஓங்குகிறது. அவரைத் தண்டித்துவிட்டு அந்தக் களைப்பை அப்படியே வைத்திருந்தால், அடுத்து வருகிறவரும் அதையேதான் செய்வார்.

ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வரவும் உண்டு. மலைப் பள்ளியில் தாமத நோட்டு வந்த பிறகு காலை நேரத்துக் கூச்சலும் விசாரணையும் போய்விட்டன. உட்கார்ந்து பேசிப் பழகிய வகுப்பில், டிசம்பருக்கு மேல் பாதிச் சண்டைகள் என்னிடம் வருவதே இல்லை, அவர்களே அந்த நாலு கேள்வியைக் கேட்டு முடித்துவிடுகிறார்கள். முதல் பருவத்தில் போடும் நேரம் மூன்றாம் பருவத்தில் திரும்பி வருகிறது. நடுவில் ஆசிரியர் மாறிவிட்டால் எல்லாம் போய்விடும். ஆகவே இது ஒருவர் செய்து காட்டும் சாமர்த்தியமாக இருக்கக் கூடாது, பள்ளி முழுக்க ஒரே முறையாக இருக்க வேண்டும்.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இதை வைத்தோம். பெற்றோர் தரப்பில் முதலில் எதிர்ப்புதான். "பயம் இல்லாமப் போயிடும்" என்று ஒரு அப்பா எழுந்து பேசினார். தாமத நோட்டைப் படித்துக் காட்டினோம். அவருடைய மகள் பெயரும் அதில் இருந்தது, தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வந்தது என்று அவளே எழுதியிருந்தாள். அவர் உட்கார்ந்துகொண்டார். இரண்டு தீர்மானங்கள் போட்டோம். காலியாக இருக்கும் ஆசிரியர் பணியிடத்தை நிரப்பக் கேட்பது ஒன்று, அதை மேலே அனுப்பியிருக்கிறோம். வாரத்தில் ஒரு பீரியட் பிள்ளைகள் உட்கார்ந்து பேசுவதற்கு மட்டும் என்பது இன்னொன்று. அதற்கு யாருடைய உத்தரவும் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை எடுத்துக்கொண்டோம்.